மூட்டை ரூம்ல ஒரு மைக்

எங்க வீட்டுக்காரரு பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு, மாதா கோவில்ல பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறவரு. ரெண்டுலயும் அம்புட்டு நிதானம். நான் அதே கோவில்ல பாடகர் குழுவுல பாடுறவ. நிதானம்னா என்ன வெலைன்னு கேக்குற ஆளு. கேசட்டு போயி சிடி வந்துக்கிட்டிருந்த காலம் அது. திண்டுக்கல் நாகல் நகர்ல எங்க வீட்டுக்குள்ளயே பாட்டுப் பதியிறதுக்கு ஒரு ஸ்டுடியோ வைக்கணும்னு மனுசன் வருசக்கணக்கா சொல்லிக்கிட்டே இருந்தாரு. சொல்றதோட சரி.

அப்புறம் எனக்குக் கழுத்துல தைராய்டு கட்டி வந்துச்சு. மதுரையில டாக்டரம்மா தொட்டுப் பாத்து, டெஸ்டும் எடுத்துப் பாத்துட்டு, கெட்ட கட்டி இல்ல, ஆனா எடுத்துத்தான் ஆகணும்னாங்க. நாங்க எந்திரிக்கப் போகையில, "குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியேதான் போகுது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனாலும் சொல்லி வைக்கணும்ல"ன்னாங்க. பஸ்ஸுல திண்டுக்கல் வந்து சேர்ற வரைக்கும் அவரு சன்னல் பக்கம் பாத்துக்கிட்டு வந்தாரு, நான் கண்டக்டர் முதுகப் பாத்துக்கிட்டு வந்தேன்.

ஈஸ்டர் முடிஞ்சு ஆபரேசன்னு முடிவாச்சு. மறுநாளே ஸ்டுடியோ பேச்சு மறுபடி கெளம்புச்சு. எதுக்கு இந்த அவசரம்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு பேருக்கும் தெரியும்.

சண்டை வந்தது எத மொதல்ல வாங்குறதுங்கிறதுலதான். ஒரே ஒரு சாமான நல்லதா வாங்கலாம், மத்ததெல்லாம் ஒப்பேத்தணும். அதான் எங்க வசதி. "பெரிய கீபோர்டு ஒண்ணு வந்திருக்கும்மா, வயலினு, புல்லாங்குழலு, தபேலா அம்புட்டும் அதுக்குள்ளயே இருக்கு"ன்னாரு. மறுநாளு, இல்ல, கம்ப்யூட்டர்தான் முக்கியம்னாரு. அதுக்கு அடுத்த நாளு ஸ்பீக்கரு. பாடகர் குழுவுல ஆளுக்கொரு யோசனை வேற. அதுவரைக்கும் ஒரு ஒயரப் பிடிச்சுச் சொருகாதவுகளெல்லாம் அன்னைக்கு இன்ஜினியரு. தவக்காலம் பாதி ஓடிப்போச்சு. எனக்கு ஏறுச்சு பாருங்க ஒரு ஆங்காரம், கொழம்புக் கரண்டியோட வந்து முன்னால நின்னேன்.

"ஏங்க, வயலினும் புல்லாங்குழலும் எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த வருசமும் கடையில இருக்கும். என் தொண்டை இருக்குமா? அதப் பிடிக்கிற சாமான் எதுவோ, அத மொதல்ல வாங்கிட்டு வாங்க."

மனுசன் அந்த வாரமே மெட்ராஸ் போயி ஒரு மைக் வாங்கிட்டு வந்தாரு. ரயில்ல தூங்காம மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாராம். கம்ப்யூட்டரு, எங்களுக்குத் தெரிஞ்சவுக ஒருத்தர் சும்மா போட்டு வச்சிருந்த பழசு.

ரூமுக்குத்தான் அடுத்த கூத்து. பின்கட்டுல ஒரு சாமான் ரூம் உண்டு. ரெட்டியார்சத்திரத்துல எங்க வயக்காட்டுல இருந்து வர்ற நெல்லு மூட்டை, பருத்தி மூட்டை, பழைய மெத்தைன்னு மூச்சு முட்டக் கெடக்கும். ஸ்டுடியோன்னா சுத்தமா இருக்கணும்ல? அம்புட்டையும் வாசல்ல தள்ளி, வெள்ளையடிச்சு, தரையக் கழுவிவிட்டு, நடுவுல மைக்க நிறுத்துனோம். ஒரு வரி பாடுனேன். கெணத்துக்குள்ள எறங்கி நின்னு பாடுன மாதிரி இருந்துச்சு. நான் ஒண்ணு பாடுனா சுவரு நாலு பாடுது. அவரு ரெண்டு நாளா ஒயர மாத்தி மாத்திச் சொருகிப் பாத்தாரு.

மூணாம் நாளு மழைக்கு மானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. நெல்லு நனையுமேன்னு நானே மூட்டைகள இழுத்து இழுத்து உள்ள போட்டேன். சும்மாவா போட்டேன்? "ஒரு வேலைய உருப்படியா செஞ்சிருக்கமா இந்த வீட்டுல"ன்னு திட்டிக்கிட்டேதான் போட்டேன். பருத்தி மூட்டையும் மெத்தையும் உள்ள வந்த பெறகு பாருங்க, திட்டுனது திட்டுன எடத்துலயே நின்னுபோச்சு. ஒரு எதிரொலி இல்ல. அவரு வாசப்படியில அப்படியே நின்னுட்டாரு. "ஏம்மா, இன்னொரு தடவ திட்டு"ன்னாரு. கேக்கணுமா, திட்டுனேன். மிச்ச மூட்டையெல்லாம் அவரே தூக்கிட்டு வந்து சுவத்த ஒட்டி அடுக்குனாரு.

காதுல ஹெட்போன மாட்டிவிட்டாரு. நான் வாயே தெறக்கல, மைக்கு கேக்க ஆரம்பிச்சிருச்சு. மூணு வீடு தள்ளி யாரோ குக்கர் வச்சிருக்காக, விசிலுக்கு முந்தி அது புஸ்ஸுன்னு மூச்சு விடுறது கேக்குது. உத்தரத்துல பல்லி நகர்றது கேக்குது. என் சேலை உரசுறது கேக்குது. அடி ஆத்தே, இம்புட்டுச் சத்தம் எங்க வீட்டுக்குள்ள இருந்துச்சான்னு மலைச்சுப் போயி நின்னேன்.

பெரிய வெள்ளிக்குச் சிலுவையடியில மாதா அழுகுற மாதிரி ஒரு பாட்டு, வருசா வருசம் நான்தான் பாடுவேன். அதப் பாடுனேன். பாடி முடிச்சதும் அவரு எனக்கே போட்டுக் காட்டுனாரு. எனக்கு மேலு பூராம் சிலுத்துருச்சு. சின்ன வயசுல இருந்து பாடுறேன், என் குரல வெளிய நின்னு நான் கேட்டதே இல்ல. கோவில் ஒலிபெருக்கியில கேட்டதெல்லாம் கேட்டதுல சேத்தியா? ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல நான் இழுத்த மூச்சு கூட அழுகுது. ஆண்டவரே, இதையா எனக்குள்ள வச்சிருந்தீருன்னு வாய்விட்டே சொல்லிட்டேன். அழுதேன். அம்புட்டு அழகா இருந்துச்சு, என்னுதுன்னு நம்ப முடியல.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுச்சு. கட்டி போச்சு, கூடவே குரலும் போச்சு. ஆறேழு மாசங்கழிச்சு அது திரும்பி வந்தது வேற கதை. வந்ததும் கட்டையாத்தான் வந்துச்சு, மேல் சுரம் போனது போனதுதான். ஆனா அந்த மொத ரெண்டு மாசம் இருக்கே, எதிரிக்கும் வேணாம். வாயத் தெறந்தா காத்துதான் வருது. ஃபேன் ஓடுனா அதுவும் கேக்காது. தெருவுல ஆட்டோ போனா அவ்வளவுதான். நான் ஒண்ணு சொல்ல, அவரு "என்ன?"ம்பாரு. மறுபடி சொல்ல, மறுபடி "என்ன?". தட்டத் தூக்கி நங்குன்னு வைப்பேன், கையத் தட்டுவேன். கத்தி வாழ்ந்த பொம்பளைக்குக் கத்த முடியலன்னா எப்படி இருக்கும்?

ஒரு மத்தியானம் அடுக்களையில உக்காந்து தேம்பிக்கிட்டு இருந்தேன். அவரு வந்து கையப் பிடிச்சு மூட்டை ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மைக் முன்னால என்னைய உக்கார வச்சு, ஹெட்போனத் தன் காதுல மாட்டிக்கிட்டு, "இப்பச் சொல்லு"ன்னாரு.

"நீங்க வச்ச ரசத்த மனுசன் குடிப்பானா?"ன்னேன். காத்தாத்தான் சொன்னேன். எனக்கே கேக்கல. அவருக்குக் கேட்டுச்சு, சிரிச்சுட்டாரு. அவரு சிரிச்சதப் பாத்ததும், என்னைய அறியாம உள்ள கெடந்ததெல்லாம் வெளிய வந்துருச்சு.

"பயமா இருக்குங்க. டாக்டரம்மா சொன்ன அன்னைக்கிருந்து பயமா இருக்கு. இனி நான் பாடவே மாட்டனோன்னு பயமா இருக்கு."

இம்புட்டு வருசக் குடித்தனத்துல எதுக்கும் பயந்தேன்னு அவருகிட்ட நான் சொன்னதே கெடையாது. அவரு ஹெட்போன ரெண்டு கையாலயும் காதோட அழுத்திக்கிட்டாரு. கண்ணு ரெண்டும் நெறஞ்சு வழியுது.

"எனக்கும் பயந்தாம்மா"ன்னாரு. "இன்னும் செத்த நேரம் பேசு."