மைக்கை நீட்டிய கை

பகலில் ஜன்னல் கம்பி பற்ற வைக்கிற வெல்டர்; சனிக்கிழமை சாயங்காலமானால் ராப் பாடகன். எதிராளியைப் பாட்டாலேயே வைது மடக்குகிற போட்டி என்றால் அவனுக்கு உயிர். எதிரே நிற்பவனின் நடையைக் கிண்டல் செய்வான், இடுப்பைக் கிண்டல் செய்வான், ‘பொட்டை’ என்று முடிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவான். கூட்டமே அந்தச் சொல்லைக் கத்தும். நாலு முடி மீசையைத் தடவிக்கொண்டு, இதுதான் ஆம்பிளைத்தனம் என்று நினைக்கிற கூட்டம்.

அவனுக்கு லேப்டாப்பில் தாளம் போடுவது அத்தை மகன். செல்போன் பழுது பார்க்கிறவன். போன வாரம் கையிலிருந்த வேலையிலிருந்து தலை தூக்காமலே, தான் காதலிக்கிற ஒருத்தர் இருக்கிறார், அவர் ஆம்பிளை என்று சொன்னான்.

“நீ மைக்க நீட்டுறப்பெல்லாம் அவங்க என்னத்தான் கூப்பிடுறாங்க மச்சான். இன்னொரு தடவ அது வந்தா நான் போயிடுவேன்.”

வெல்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே பாயில் உருண்டு வளர்ந்தவர்கள். இவன் போனால் தாளம் மட்டுமா போகும்? உட்கார்ந்து வரிகளையெல்லாம் மாற்றினான். எதிராளியின் ஓட்டைக் குரலையும் திருட்டு மெட்டையும் பிடித்துக்கொண்டான்.

மேடையில் நன்றாகத்தான் போனது. பாழாய்ப் போன பழக்கம், கடைசி வரியில் கை தானாக மைக்கை நீட்டிவிட்டது. வரி புதிது, கூட்டத்தின் வாய் பழசு. மண்டபமே பழைய சொல்லைக் கத்தியது.

தாளம் நின்றது. அத்தை மகன் வயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தான்.

வெல்டர் எதிராளியை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். மைக்கில் சொன்னான்: “அத உங்களுக்குப் பழக்கினது நான்தான். இனிமே வேணாம். எனக்கு வேண்டியவங்களுக்கு அது வலிக்குது.”

எதிராளி சும்மா இருப்பானா? நீயும் அந்தக் கோஷ்டியா என்று இளித்தான்.

“இருந்தா என்னடா? பயப்படாத, அப்பவும் உன்ன ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்.”

கூட்டம் சிரித்தது, எதிராளியைப் பார்த்துச் சிரித்தது. தாளமில்லாமலே வெல்டர் அடுத்த வரியைத் தொடங்கினான். இரண்டு வரி தள்ளாடியது. மூன்றாவது வரியில் பின்னாலிருந்து தாளம் வந்து தோள் கொடுத்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது, கழுதைக்கு.

போட்டியில் தோற்றான். போகட்டும். சாமான்களை மூட்டை கட்டும்போது அத்தை மகன் முறைத்தான்.

“அடுத்த வாரம் உன் கையக் கட்டிப்போட்டுத்தான் பாட விடணும்.”

அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்த வெல்டர் சட்டியை வழித்துச் சாப்பிட்டான்.