சிவப்பு வால் சுண்டெலி

நாடக அரங்கில் உடை தைப்பவளுக்கு ஊசியக்கா என்று பெயர் வைத்தவர்கள் தையலை மட்டும் நினைத்து வைக்கவில்லை. அவள் வாயும் அப்படித்தான். புருஷன் போன பிறகு, ராஜாக்களின் அங்கிக்கும் பிச்சைக்காரர்களின் கந்தலுக்கும் ஒரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துத்தான் மகளை வளர்த்தாள். இப்போது கிட்டப் பார்வை மங்கிவிட்டது. அந்த ஜன்னல் வெளிச்சம் இல்லாவிட்டால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

அந்த இடத்துக்குத்தான் மேனேஜர் வேட்டு வைத்தார்.

உடைகளைச் சுண்டெலி கடிக்கிறது என்று, உயிரோடு பிடிக்கிற கூண்டை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மருந்து வைத்தால் பெட்டிகளுக்கு இடையில் செத்து நாறுமாம். அவள் வேர்க்கடலை வைத்தாள். தினமும் ஒன்று மாட்டியது. பின்பக்கக் காலி மனையில் விட்டுவிட்டு வந்தாள். கடைசியில் அவர் சொன்னார்: "தினம் ஒரு எலின்னா அந்த ரூம்ல எலிப் பட்டாளமே இருக்கு. நீங்க அங்கயே உக்காந்து சாப்பிடுறதாலதான். தையல் மெஷினைத் தூக்கிக் கீழ் ரூம்ல போடுங்க."

கீழ் அறைக்கு ஜன்னலே கிடையாது.

ஊசியக்காவுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. பட்டாளமாம்! மாட்டுகிற எலியின் முகரை எங்கோ பார்த்ததுபோலவே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் எலிக் கதையைச் சொல்லிக்கொண்டே மகளின் நெயில் பாலிஷை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"நான் போட்டா திட்டுவ, எலிக்கு மட்டும் மேக்கப்பா?" என்றாள் மகள்.

கூண்டுக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலில் சிவப்பைப் பூசி, ஊசியக்கா எலியை மனையில் விட்டாள். மறுநாள் கூண்டில் சிவப்பு வால். அதற்கு மறுநாளும் அதே சிவப்பு வால், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. சாயமில்லாத இரண்டு எலிகள் கூண்டருகே வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதையும் அவள் கண்ணால் பார்த்தாள்.

போய்ச் சொன்னதும் மேனேஜரின் முகம் இன்னும் சுருங்கியது. "ஒரே எலிதானா? அப்ப மத்ததெல்லாம் ஏன் மாட்டல? உங்களுக்குக் கூண்டு வைக்கவே தெரியல. நாளைக்கே மெஷின் கீழ போகுது."

நிறையப் பிடித்தால் அழுக்குப் பிடித்தவள், ஒன்றையே பிடித்தால் துப்புக் கெட்டவளா? இது எந்த ஊர் நியாயம்? மனுஷரில் கூப்பிடுமுன் ஓடி வருகிறவனும் உண்டு, கதவை உடைத்தாலும் எட்டிப் பார்க்காதவனும் உண்டு. எலிகள் மட்டும் எல்லாம் ஒரே குணமாக இருக்க வேண்டுமாம்!

மறுநாள் காலை, சிவப்பு வால் மாட்டியிருந்த கூண்டோடு அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கூண்டைத் தரையில் வைத்து, உள்ளே புதுக் கடலை போட்டு, அதன் கதவைத் தூக்கி விரலால் தாங்கிக்கொண்டாள். சிவப்பு வால் வெளியே வந்தது. மேனேஜர் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"பிடிம்மா! பிடி!"

"நான் எதுக்கு சார் பிடிக்கணும்? பாத்துக்கிட்டே இருங்க."

எலி அறையை ஒரு சுற்று சுற்றியது. அவர் கழற்றி வைத்திருந்த செருப்பை மோந்தது. பிறகு தானாகவே கூண்டுக்குள் போய்க் கடலையைக் கொறித்தது.

"பாத்தீங்களா? வர்றது வரும், வராதது வராது. இதுல என் அழுக்கு எங்க வந்துச்சு, என் தப்பு எங்க வந்துச்சு?"

"சரிம்மா, சரி! மொதல்ல கூண்டுக் கதவை மூடு!"

அவள் விரலை எடுக்கவில்லை. "மெஷின் எங்க இருக்கும்?"

"ஜன்னல்கிட்டயே..."

"காதுல விழல சார்."

"ஜன்னல்கிட்டயே இருக்கட்டும்!"

மேடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. அதற்குப் பிறகுதான் ஊசியக்கா விரலை எடுத்தாள்.