சாதுவான ரேசர்

அண்ணன் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த வாரத்தில், அப்பா அவனைக் கூப்பிட்டு அவன் முகத்தை ஒரு விடைத்தாளைப் பார்ப்பதுபோல மேலும் கீழுமாகப் பார்த்தார். தாடையில் ஒரு புதுத் தழும்பு இருந்தது. அப்பாவின் கனத்த பித்தளை ரேசரை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பார்த்ததன் பலன் அது. "ஒனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கலே" என்றார் அப்பா. "வெல கூடினதெல்லாம் வேண்டாம். கை பழகுத வரைக்கும் சாதுவானதா ஒண்ணு பாத்து வாங்கு."

அப்பா சேரன்மகாதேவியில் பள்ளிக்கூட வாத்தியார். மறுநாள் காலையில் விடைத்தாள் திருத்துவதற்காக மதுரைக்குக் கிளம்பிப் போனார். பத்து நாள் வேலை. அவர் பஸ் ஏறிய சாயங்காலமே அண்ணன் கடைத்தெருவுக்குப் புறப்பட்டான். அவன் தங்கச்சி நான், அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அண்ணன் எங்கே போனாலும் பின்னாலேயே போவது என் வழக்கம். அதனால் ரேசர் வாங்கும்போது நானும் இருந்தேன்.

பேன்ஸி ஸ்டோர் அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டியின் மேல் மூன்று ரேசர்களை எடுத்து வைத்தார். பளபளவென்று சீப்புப்பல் போல விளிம்பு வைத்த ஒன்றின் மேல்தான் அண்ணனின் கை போயிற்று. அண்ணாச்சி அதை நகர்த்தி வைத்தார். "அவன் கோவக்காரன் தம்பி. தாடி நல்லா முத்தினவங்களுக்குத்தான் அவன் சரிப்படுவான். இதைப் பாரும். பிளாஸ்டிக் பிடிதான், வெலையும் கம்மிதான். ஆனா பிளேடு வெளிய தலைய நீட்டாது. சாது. அழுத்தாம, தன் பாரத்துல பைய எறங்க விடும். ஒரு சொட்டு ரத்தம் வந்தா எங்கிட்ட வந்து கேளும்." அப்பா சொன்ன அதே வார்த்தையை அவரும் சொன்னதும் அண்ணன் காசை எண்ணிக் கொடுத்துவிட்டான்.

பத்து நாளும் முடிந்தன. வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவேன் என்று சொல்லிப்போன அப்பா வரவில்லை. அவரோடு போயிருந்த கணக்கு வாத்தியார் வியாழக்கிழமையே திரும்பிவிட்டார். அம்மா அவர் வீட்டுக்கு அண்ணனை அனுப்பிக் கேட்டாள். "சாருக்கு என்னமோ ஜோலி இருக்குன்னு அங்கனயே நின்னுட்டாங்க. நாளைக்கு வந்துருவாங்க" என்று பதில் வந்தது. சனிக்கிழமையும் அப்பா வரவில்லை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஒரு வார்த்தை சொல்லியனுப்பாமல் ஒருநாள்கூடப் பிந்தாத மனுஷன் என்று அம்மா எதிர்வீட்டு அத்தையிடம் இரண்டு தடவை புலம்பினாள். அத்தையிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி விண்ணப்பத்துக்கு போட்டோ எடுக்க வேண்டும் என்று அண்ணன் ரேசரோடு மச்சுக்கு ஏறினான். மாடியை எங்கள் பக்கம் மச்சு என்போம். சித்திரை வெயில் பத்து மணிக்கே ஏறியிருந்தது. நான் ஜன்னலோரம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கன்னம் இரண்டும் வெகு அழகாக முடிந்தன. ரத்தம் இல்லை, எரிச்சல் இல்லை. அண்ணாச்சி சொன்னது உண்மைதான். அதில்தான் அண்ணனுக்குத் தைரியம் வந்து, மீசையின் ஓரத்தைக் கொஞ்சம் நேராக்கலாம் என்று நினைத்தான்.

அந்த ரேசர் ஒரே இழுப்பில் எதையும் வெட்டாது. அவனும் இழுத்தான், மறுபடி இழுத்தான், நுரை போட்டு மறுபடியும் இழுத்தான். துடைத்துப் பார்த்தபோது இடதுபக்கம் பாதி இல்லை. அதற்குச் சமமாக வலதைக் குறைத்தான். பிறகு வலதுக்காக இடதை. பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கு வைத்த கதையாக, கடைசியில் மூக்குக்குக் கீழே இரண்டு எறும்பு உட்கார்ந்த மாதிரி ஏதோ மிஞ்சியது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இந்தச் சாது மிரளவே இல்லை, பைய மேய்ந்தே காட்டைத் தீர்த்துவிட்டது.

"மிச்சத்தையும் எடுத்துருண்ணே" என்றேன் நான். "அப்பா வாரதுக்குள்ள மொளச்சிரும்."

எங்கள் பக்கம் ஒரு விதி உண்டு. அதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தகப்பன் இருக்கிற பிள்ளை மீசையை முழுக்க எடுக்க மாட்டான். அப்பன் போனபிறகு, காரியத்துக்குத்தான் அவன் மேலுதடு வெறுமையாகும். மாசி மாதம் தெருமுனை வீட்டில் அப்படி ஒரு பையனை நான் பார்த்திருந்தேன். உரித்த பனங்கிழங்கு போல வெளுத்த உதட்டோடு, யாரையும் பார்க்காமல் நடந்து போனான். விதி எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு எடுத்துவிட்டான்.

நிமிர்ந்தபோது அது என் அண்ணன் முகமாக இல்லை. அந்தத் தெருமுனைப் பையன்தான் எங்கள் வீட்டு மச்சில் நிற்பதுபோல் இருந்தது. அதே நேரத்தில் எதிர்வீட்டு மொட்டை மாடியில் அத்தை வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் ஊற்றிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் தலை தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பாதி வேட்டியில் ஊற்றிய வத்தலைப் போட்டது போட்டபடி, அவள் இறங்கிப் போனாள்.

துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் எதுவும் கேட்கக் கூடாது. வீட்டிலிருப்பவர்களும் 'வாங்க' என்று சொல்லக் கூடாது. வரவேண்டும், உட்காரவேண்டும். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. சேலைத் தலைப்பு வாயில் இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ஆண்கள் பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். அந்த உச்சிவெயிலில் காக்கைகூடக் கத்தவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம். நான் மச்சுப் படியில் பாதியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன், மீசை முளைக்கும்வரை இறங்குவதில்லை என்று மேலே கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. எதிர்வீட்டு அத்தை எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

"நாங்க என்னத்தம்மா சொல்ல. எல்லாம் ஒனக்குத் தெரிஞ்சதுதான" என்றாள் அத்தை.

அம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று நாளாக வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்து அலறினாள். அந்த அலறல் மற்றவர்களுக்குப் போதுமாக இருந்தது. சத்தம் கேட்டு அண்ணன் மேலிருந்து ஓடிவந்தான். அவன் கூடத்தில் கால் வைத்ததும் எல்லாக் கண்களும் அவன் உதட்டுக்குப் போயின, அழுகை கூரையைத் தொட்டது. அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏலே, ஒனக்கு முன்னாடியே தெரியுமாலே? எங்கிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லலியேலே" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை. ஊரே அழும்போது என்ன கேட்பது? அவனும் அழுதான்.

அத்தை எதைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து இறங்கினாள் என்று தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான், ஆனால் உண்மை அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியவில்லை. பத்தரை மணிக்கு மீசை போயிற்று, பதினொன்றரைக்கு வீடே அப்பா போய்விட்டார் என்று அழுகிறது. விதி சொன்னபடிதான் நடந்திருக்கிறது. மிச்சத்தை எடுக்கச் சொன்னது நான். அப்பாவை நான்தான் கொன்றேன் என்று நிச்சயமாக நம்பினேன். அழக்கூட எனக்குப் பயமாக இருந்தது. பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

நாங்குநேரியில் இருக்கும் பெரியத்தைக்குத் தகவல் சொல்ல ஒருவர் சைக்கிளில் போய்விட்டார் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். யாரோ ஒரு தாத்தா மட்டும், "எப்ப கொண்டு வாராவளாம்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் அவருக்கு அடுத்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். அந்தக் கேள்வி பெஞ்சு முழுக்கப் போய் அந்தத் தாத்தாவிடமே திரும்பி வந்தது.

வீட்டுக்குள் மூச்சு முட்டியது. நான் வாசலுக்கு வந்து நின்றேன். தெருமுனையில் ஒரு கறுப்புக் குடை திரும்பியது. கையில் பை, தோளில் துண்டு. அப்பா.

வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அவர் நடந்து வர வர இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வோம். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். செருப்பில் புழுதி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் புழுதி எழும்பியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு அப்பா குடையை மடக்கினார். "யாருட்டி? அம்மைக்கு என்ன?" என்றார். அவர் முகம் வெளிறி, பத்து நாளில் ஒரு சுற்று மெலிந்திருந்தது. என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். கூடத்தின் நடுவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான், மேலுதட்டில் ஒன்றும் இல்லாமல். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. என் உயரத்துக்குக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து ஆரும் வந்தாவளாட்டி?"

"இல்லப்பா. அண்ணனுக்கு மீசை தப்பாப் போச்சு. நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நெடுமூச்சு விட்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்ததும் நான் செய்த கொலை எனக்கு மன்னிக்கப்பட்டுவிட்டது. இந்த உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெருவில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்த கதை. அம்மா அவரைக் கண்டு இன்னொருமுறை அலறியது, வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி உடுத்திய வேட்டியோடு நாலு குடம் தண்ணீர் ஊற்றியது, துட்டிக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று விவாதித்தது. "எதுக்கும் குளிச்சிருவோம்" என்று எதிர்வீட்டு அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள். அப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். "என் துட்டிக்கு யாரு வந்தா, யாரு வரலன்னு பாத்தாச்சுவே" என்று கணக்கு வாத்தியாரிடம் சொல்வார். ஏன் இரண்டு நாள் பிந்தினீர்கள் என்று அம்மா கேட்டபோது, கூட இரண்டு கட்டுத் தாள் திருத்தினேன் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்கள் கேட்கிற ஆயிரம் கேள்விகளில் அதுவும் ஒன்று.

அடுத்த மாசியில் பெண்கள் மறுபடி வந்து அதே சுவரோரம் உட்கார்ந்தார்கள். அந்தமுறை யாரும் தவறாக வரவில்லை. பதினாறாம் நாள் கழிந்து அப்பாவின் பெட்டியைப் பிரித்தபோது, பழைய விடைத்தாள்களுக்கு நடுவே மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைத்தது. அண்ணன் தேதியைப் படித்தான். போன சித்திரையின் அந்தச் சனிக்கிழமை.

"ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா தாலிய வித்தாவது மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. ஒருத்தர்ட்டயும் சொல்லாமப் போயிட்டாவளே" என்று அம்மா அன்று சொன்னாள். இந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், போன வாரம்கூடச் சொன்னாள். நான் அவளுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்று வாசலில் அப்பா என்னிடம் மட்டும் ஆஸ்பத்திரி என்று கேட்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. "ஆமாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தேன்.