பண்ணை வீட்டில் ஒரு பழச்செடி

கோழிப்பண்ணை வைத்திருப்பவன் பறவைகளுக்கென்று செடி வளர்ப்பது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற வேலை. தெரிந்தேதான் விட்டு வைத்திருந்தேன்.

அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு நர்சரியில் என் மனைவி வாங்கி வந்த செடி அது. டுராண்டா என்றார்களாம். ஊதாப் பூ, அப்புறம் கொத்துக் கொத்தாக மஞ்சள் பழம். நாம் தின்றால் விஷம், கொண்டைக்குருவிகளுக்கு விருந்து. சமையலறை ஜன்னலை ஒட்டி நட்டாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே குருவிகள் வந்து கத்தும். "வந்துட்டீங்களா சாமி" என்பாள். என்னிடம் இவ்வளவு வாஞ்சையாகப் பேசி எத்தனை காலமாயிற்று என்று கேட்டால் முறைப்பாள்.

நன்மை இல்லாமல் இல்லை. பழம் தின்ன வந்தவை அவளுடைய கத்தரிச் செடியில் புழுவையும் பொறுக்கின. ஆனால் குருவிகளின் பின்னாலேயே மைனாக்களும் வந்தன. கொட்டகை வலையில் ஓட்டை கண்டால் போதும், உள்ளே புகுந்து தீவனத்தில் எச்சமிட்டுவிடும். நோய் ஒன்று புகுந்தால் கொட்டகையே காலி. எங்கள் சோறு அதில்தான்.

சுற்றுவட்டாரத்தில் கழிச்சல் நோய் என்று பேச்சு வந்ததும் கோழி டாக்டர் வந்து பார்த்தார். "செடி அழகாத்தாங்க இருக்குது. ஆனா கோழி செட்டுக்கு இத்தன கிட்ட வேண்டாங்க" என்றார்.

அன்று மாலை அரிவாளைத் தேடினேன். அவள் செடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வாரவங்களையெல்லாம் கேட்டுலயே நிறுத்திட்டீங்க. இதுங்க மட்டுந்தான் கேக்காம வருது. இதையும் வெட்டிப்போட்டா நான் யாரோடங்க பேசறது?"

அவள் சொன்னது பொய்யில்லை. நோய்க்காலத்தில் எங்கள் சொந்தத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. எல்லாருக்கும் பண்ணை இருக்கிறது. செருப்பு மண்ணில்கூட நோய் வந்துவிடும். என்னோடு பேசேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பகலெல்லாம் கோழிக் கூச்சலில் நின்றுவிட்டு வந்து நான் பேசும் லட்சணம் எனக்கே தெரியும். அலுப்பாக இருந்தது. அரிவாளைக் கீழே வைத்தேன்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். செடி இருக்கட்டும், பழத்தை மட்டும் காயிலேயே கிள்ளிவிடுகிறேன் என்றாள். கிள்ளினாள். குருவிகள் வந்து கிளை கிளையாகத் தாவிப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு வருவதும் குறைந்தது. சமையலறையில் பேச்சுச் சத்தமும் இல்லை.

அது எனக்குத் தாங்கவில்லை. நாமகிரிப்பேட்டையில் இருக்கும் அவள் தங்கைக்குப் போன் செய்து வரச்சொன்னேன். வந்தாள். வாசலில் கிருமி போகப் பர்மாங்கனேட்டைத் தண்ணீரில் கரைத்து வைத்து, மாற்றுச் செருப்பும் எடுத்து வைத்திருந்தேன்.

"காலை நனைச்சுட்டு உள்ள வா அம்மிணி."

"வேண்டாங்க மாமா. நானும் திரும்பி எங்க பண்ணைக்குத்தானே போகோணும்" என்றாள்.

அக்காவும் தங்கையும் கேட்டுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் வெயிலில் நின்றே பேசினார்கள். ஸ்கூட்டர் கிளம்பிப்போன பிறகும் என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சில நாள் கழித்துத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். ஜன்னலை உரசிய கிளையில் மட்டும் பழங்கள் மஞ்சளாகத் தொங்கின. ஒரு கொண்டைக்குருவி தின்றுகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு, வலையில் ஓட்டை தேடி அடைக்கக் கொட்டகைக்குப் போனேன்.