கிண்ணத்தில் வெட்டிய பேர்

என் மாமா டென்மார்க்கைப் பார்த்ததில்லை. போடியைத் தாண்டி மதுரைக்குப் போவதற்கே இரண்டு தடவை யோசிக்கிற ஆள். ஆனாலும் டென்மார்க் குயவர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சுட்ட பீங்கான் கிண்ணங்களும் ஜாடிகளும் எங்கள் ஏலக்காய்க் கடை மாடியில் பதினேழு இருந்தன.

அதற்குக் காரணம் ஒரு நர்சம்மா. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டென்மார்க்காரர். ஊருக்குத் திரும்பும்போது தன் வீட்டுச் சாமான்களைச் சமையல்காரி, தோட்டக்காரர், வாட்ச்மேன் என்று அள்ளிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவை வருசநாடு முதல் தேவதானப்பட்டி வரை சிதறி, ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடியாகவும் இன்னொரு வீட்டில் நாய்க்குச் சோறு வைக்கிற சட்டியாகவும் இருந்தன. மாமா ஒரு பழைய படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவற்றைத் தேடிப் போவார். புது எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கொடுத்து, பழைய பீங்கானை வாங்கி வருவார்.

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் குடுக்கிறவனப் பாத்திருக்கேன். நாய்ச் சட்டிக்குப் புதுப் போணி குடுக்கிறவன இப்பத்தான் பாக்குறேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். முப்பத்திரண்டு வயதாகியும் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்ற கோபமும் அதில் சேர்ந்திருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் மாமாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு நானும் போவேன். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பதுதான் என் வேலை. சுடுவதற்கு முன்பே குயவர் தன் எழுத்தைக் களிமண்ணில் கீறியிருப்பார். கீறல் இருந்தால் நான் மாமாவைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும். அவ்வளவு பெரிய பதவி எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

பதினெட்டாவது கிண்ணம் அனுமந்தன்பட்டியில் ஒரு டீச்சர் வீட்டில் இருந்தது. அவருடைய அம்மாதான் நர்சம்மாவின் சமையல்காரி. அந்த அம்மா இறந்துபோய், அப்பாவும் டீச்சரும் மட்டும் இருந்தார்கள். கருப்பட்டிப் பாகு வழிந்து பாதியில் உறைந்த மாதிரி நிறம் அந்தக் கிண்ணத்துக்கு. மாமா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கண்ணடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"இதுல உறை ஊத்துனா தயிர் கட்டியா நிக்கும். உங்க எவர்சில்வர்ல நிக்குமா?" என்று டீச்சர் கேட்டார்.

"நிக்காது டீச்சர்" என்று மாமா ஒத்துக்கொண்டார். இப்படியும் ஒரு வியாபாரி!

அடுத்த மாதமும் போனோம். அதற்கடுத்த மாதமும் போனோம். ஒவ்வொரு தடவையும் அதே எவர்சில்வர் தூக்கு மொபெட்டில் தொங்கிக்கொண்டு வந்து, அப்படியே தொங்கிக்கொண்டு திரும்பும். டீச்சர் மாமாவுக்குக் காப்பியும் எனக்குப் பன்னீர் திராட்சையும் தருவார். கிண்ணத்தை மட்டும் தரமாட்டார். மாமா புதிதாகக் கண்டுபிடித்த ஜாடியைப் பற்றிச் சொல்லுவார், டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். பெரிய தூக்காகக் கொண்டுபோனால் காரியம் முடிந்துவிடுமே, இந்த மாமாவுக்கு ஏன் அது தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எட்டாவது மாதம் நாங்கள் போனபோது கிண்ணம் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது. உள்ளே திராட்சை.

"வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுல்ல" என்றார் டீச்சர். "எனக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்காக. திருச்சிப் பக்கம்."

கல்யாணம் என்றால் பாத்திரம் குவியும், அதனால்தான் இதைக் கொடுத்துவிடுகிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என் புத்தியை நினைத்து எனக்கே பெருமை.

"முதல் நாளே குடுத்திருப்பேன். குடுத்துட்டா பெறகு வரமாட்டீகளேன்னுதான்..." என்று டீச்சர் இழுத்தார். என்னைச் சொல்கிறார் என்று நினைத்து நான் வெட்கப்பட்டேன்.

மாமா தூக்கை அவிழ்த்துக் கொடுத்தார். டீச்சர் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் வெட்டலையா?" என்று கேட்டார்.

"வேணாம் டீச்சர்" என்றார் மாமா.

வழியெல்லாம் எனக்கு அதே கவலை. பேர் வெட்டாத பாத்திரம் கல்யாண வீட்டில் காணாமல் போகும் என்பது போடியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இந்தக் கிண்ணத்திலோ எவனோ டென்மார்க்காரன் பேர் இருக்கிறது. நாளைக்கு அவன் வந்து கேட்டால் என்ன செய்வது? எட்டு மாதம் அலைந்து வாங்கியதாயிற்றே!

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். பேர் வெட்டுகிற அண்ணாச்சிக்கு மாமாவை நன்றாகத் தெரியும்.

"பீங்கான்ல யாருத்தா வெட்டுவாக? ஊசி ஒடிஞ்சு போகும்" என்றவர், நான் அழத் தொடங்கியதும் மிஷினை எடுத்தார். "யாரு குடுத்தாக? யாருக்குக் குடுத்தாக?"

இரண்டு பேரையும் சொன்னேன். கொடுத்தவர் பேர் முதலில் வருவதுதானே முறை. அண்ணாச்சி புள்ளி புள்ளியாக வெட்டினார். கல்யாண சீசன் வேறு. கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குட்டிக் குத்துவிளக்கையும் போட்டுவிட்டார். அழகாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி கடை மாடியில் மாமா கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தப் புள்ளிகளைத் தடவினார். அடி விழப் போகிறது என்று நான் கதவோரம் நகர்ந்தேன்.

"விளக்கு யாருத்தா போடச் சொன்னது?"

"நான் சொல்லல மாமா. அண்ணாச்சி சும்மா போட்டுக் குடுத்தாக."

மாமா சிரித்தார். பிறகு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

இப்போது அந்தப் பதினெட்டும் என்னிடம் இருக்கின்றன. போன வருஷம் கொச்சியிலிருந்து சேகரிப்பாளர் ஒருவர் வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். கருப்பட்டி நிறக் கிண்ணத்துக்கு வந்ததும், "அய்யோ, இருக்குறதுலயே நல்ல பீஸ். யாரோ கெடுத்து வச்சிருக்காங்களே!" என்று உச்சுக்கொட்டினார். நான்தான் என்று சொல்லவில்லை. மாமா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லவில்லை.

பேர் வெட்டிய அடுத்த சனிக்கிழமை மாமா மொபெட்டைத் துடைத்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஸ்டாண்டு போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அனுமந்தன்பட்டிக்குப் போகலையா மாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. "அட, இனிமே எதுக்குப் போகணும்? நமக்கு வேண்டியதுதான் கிடைச்சிருச்சே!"

"ஆமாத்தா, கிடைச்சிருச்சு" என்றார் மாமா.