கோடாலி பட்ட கதவு

அக்கா அந்த வீட்டை முதலில் எனக்குக் காட்டியது செல்போன் திரையில். நான் ஆம்பூரில் ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனி வாசலில் சாயங்கால டீ குடித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். வயலுக்கு நடுவே, கறுத்த மரச்சட்டங்களும் இடையிடையே வெள்ளைச் சுவருமாக நானூறு வருஷத்துப் பண்ணை வீடு. நர்ஸ் படிப்பு முடித்த அக்கா, அங்கே தனியாக இருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். "ரொம்ப அழகா இருக்குதுக்கா" என்றேன். "பாக்கத்தான்டா. நிமிந்தா தலை இடிக்குது" என்றாள்.

பழைய வீடு என்பதால் இஷ்டத்துக்கு எதையும் மாற்றிவிட முடியாதாம். பெரியவரின் சக்கர நாற்காலி போகுமளவுக்கு வாசலை அகலப்படுத்த அரசு அனுமதி கிடைக்கவில்லை. பெரியவர் இரண்டு வருஷமாக வெளியே வந்ததில்லை. அக்காவின் விசாவும் அவளை வேலைக்கு எடுத்த ஏஜென்சியை நம்பித்தான் இருந்தது. வேலை போனால் நாட்டில் இருக்க முடியாது. மழைக்காலத்தில் மரம் ஊறி முன்கதவு இறுகிக்கொள்ளும். பின்கதவை அவர் மகன் பூட்டிச் சாவியை எடுத்துப்போயிருந்தார். "ரெண்டு பேரும் ஜன்னல் வழியா ஆட்டைப் பாத்துட்டு உக்காந்திருப்போம்" என்பாள்.

அப்படியொரு மழை நாள் காலையில் பெரியவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து தள்ளினார்கள், அசையவில்லை. அக்கா அடுப்பங்கரையிலிருந்து விறகுக் கோடாலியை எடுத்து வந்தாள். "வேண்டாம், அது என் பாட்டனுக்கும் பாட்டன் காலத்துக் கதவு" என்று அந்த வலியிலும் அவர் தடுத்தாராம். அவள் நிறுத்தவில்லை.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். கதவைப் பாழாக்கிவிட்டாள் என்று மகன் புகார் செய்ய, ஏஜென்சி அவளை நீக்கியது. விசாவுக்குக் கொடுத்த கெடுவுக்குள் வேறு வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினாள். இப்போது எங்கள் கம்பெனியிலேயே முதலுதவி அறையில் இருக்கிறாள். தையல் ஊசி குத்திய விரல்களுக்குக் கட்டுப் போடுகிறாள். ஷிப்ட் முடியும்வரை கேட் திறக்க மாட்டார்கள்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "மறுபடியும் அப்ளை பண்ணிட்டேன்டா."

"இங்கிலாந்துக்கேவா?"

"வேற வழி இன்னா இருக்கு?" என்றவள், டிபன் பாக்ஸை மூடிவிட்டு, விரலைப் பிடித்தபடி அறை வாசலில் காத்திருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டாள்.