இடது பக்கச் சீட்டுகள்

பக்கத்து வீட்டில் பீடி இலையை நனைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஈர வாசத்தில் நாங்கள் வளர்ந்த முக்கூடல் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அக்கா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிப்பாள். கேள்விச் சீட்டுகளும் சுளகிலேயே கிடக்கும். பதில் ஞாபகம் வந்த சீட்டு வலது பக்கம் போகும், மறந்தது இடது பக்கம். மறந்ததை மறுநாள் திரும்பப் படிப்பாள். பரீட்சைக்கு முந்தின நாள் இடது பக்கம் காலியாக இருந்தது.

காலையில் கிளம்பியவளை அப்பா நிறுத்தினார். "கடைக்குக் குடுக்க பீடி குறையுது. பரீச்ச எழுதி கலெக்டராவா ஆவப் போற? உக்காருட்டி."

"சாயங்காலம் வந்து சுத்துதேன்ப்பா."

அவர் வாசலை விட்டு நகரவில்லை.

இப்போது அக்காவுக்கு ஞாபகம் போய்விட்டது. விரல்கள் மட்டும் வெறும் மடியில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "நான் யாருன்னு தெரியுதாக்கா?" என்று கேட்டேன். என்னையே பார்த்தாள். பிறகு, இல்லாத ஒரு சீட்டை எடுத்து இடது பக்கம் வைத்தாள்.